மச்சுக் கண்ணாடி ஓடு ஒழுகினால்...

சரக்கு நனைந்தால் நட்டம் கடைக்காரருக்கு மட்டுமல்ல. அதை வாங்கிச் சாப்பிடுபவருக்கும்தான். எனவே கூரை ஒழுக்கலை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஜவ்வாது மலையில் காவலூர் என்றதும் பலருக்கு வைணு பாப்பு வானாய்வகம் நினைவுக்கு வரும். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே அமைந்தது. அதன் கூரை வானம் பார்க்கத் திறக்கும். மழை என்றால் மூடிக்கொள்ளும். நம் கடை மச்சில் வெளிச்சத்துக்குப் போடும் கண்ணாடி ஓட்டுக்கு அந்த வசதி இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலையும் மழையையும் அது தாங்கியாக வேண்டும்.

அவ்வூரில் நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைக்காரர் ஒருவர், இடம் போதாமல் ஓட்டுக் கூரையின் கீழ் பலகை அடித்து மச்சு கட்டினார். வெளிச்சத்துக்கு இரண்டு கண்ணாடி ஓடு போட்டார். ஐப்பசி மழையில் ஒன்று சொட்டியது. "சுற்றிலும் சிமெண்டு பூசிவிடுங்கள்" என்றோம். பூசினார். அடுத்த மழையில் முன்னைவிட அதிகமாக இறங்கி, மூன்று மூட்டை நிலக்கடலைப் பருப்பு நனைந்தது. யோசனை நம்முடையது என்பதால் நட்டத்தில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டோம். பணம் கொடுத்துக் கற்ற பாடம் இது.

ஏன் ஒழுகுகிறது?

1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அந்த மங்களூர் ஓடுதான் இன்றும் பல பழைய கடைகளின் கூரை. இந்த ஓடுகள் ஒட்டி நிற்பவை அல்ல. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பவை. மேல் வரிசை கீழ் வரிசையை மூடும். பக்கத்தில் உள்ள பள்ளம் தண்ணீரைக் கீழே இறக்கிவிடும். அந்தப் பள்ளத்தில் சருகும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் தேங்கி உள்ளே வழியும். நாம் பூசச் சொன்ன சிமெண்டும் அதே பள்ளத்தைத்தான் அடைத்தது. கண்ணாடியும் மண் ஓடும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லை. அதனால் பூச்சும் வெடித்துவிட்டது.

வேறு காரணங்களும் உண்டு. கண்ணாடி ஓட்டின் அச்சு பக்கத்து ஓட்டோடு பொருந்தாதது ஒன்று. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் உளுத்துத் தாழ்ந்துபோவது மற்றொன்று.

கண்டுபிடிக்கும் முறை

சொட்டுகிற இடமே ஓட்டை என்று எண்ண வேண்டாம். மேலே புகுந்த தண்ணீர் ரீப்பர் வழியாக ஓடிவந்து வேறிடத்தில் சொட்டும். மழை இல்லாத குளிர்ந்த விடியலிலும் கண்ணாடியின் அடியில் நீர்த்துளி நின்றால் அது ஒழுக்கல் அல்ல, வியர்வை. காற்றோட்டம் செய்தால் போதும்.

நல்ல வெயில் நாளில் சரக்கை நகர்த்திவிட்டு, ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் மெல்லத் தண்ணீர் விட வேண்டும். கண்ணாடி ஓட்டின் கீழ் விளிம்பில் தொடங்கி, பிறகு பக்கங்கள், கடைசியாக மேல் விளிம்பு. எந்த இடத்தில் விடும்போது உள்ளே ஈரம் தெரிகிறதோ, அங்கே கோளாறு.

சீர்செய்யும் முறை

1. மின்சாரத்தை நிறுத்துங்கள். ஏணியை ஒருவர் பிடிக்கட்டும். ஈர ஓட்டில் ஏறக் கூடாது. கண்ணாடி ஓட்டின் மேல் கால் வைக்கவே கூடாது.

2. மேல் வரிசை ஓட்டைத் தூக்கிக் கண்ணாடி ஓட்டை எடுங்கள். பழைய சிமெண்டையும் சருகையும் சுரண்டிப் பள்ளங்களைச் சுத்தம் செய்யுங்கள்.

3. உளுத்த ரீப்பரை மாற்றுங்கள். விரிசல் விட்ட ஓட்டை ஒட்ட வைக்காமல் புதிது போடுங்கள். பழைய ஓடு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதோடு பொருந்தும் கண்ணாடி ஓட்டை வாங்குங்கள்.

4. சாரல் அடிக்கும் பக்கமானால் அடியில் ஒரு தகடு வையுங்கள். அதன் மேல் முனை மேல்வரிசை ஓட்டின் அடியில் நுழைய வேண்டும். கீழ் முனை கீழ்வரிசை ஓட்டின் மேல் வந்து படிய வேண்டும். வெளிச்சம் மறையாதபடி நடுவே வெட்டி, வெட்டிய ஓரங்களை மேல்நோக்கி மடித்துவிடுங்கள்.

5. முடிந்ததும் மறுபடி தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

காவலூர்க் கடையில் இப்படிச் செய்தபின் அடுத்த மழைக்கு மச்சு நனையவில்லை.

நனைந்த சரக்கு

"காயவெச்சு, சலிச்சு வித்துடலாமா, முதலாளி?" என்று அந்தக் கடைக்காரர் கேட்டார். பருப்பில் பூஞ்சணம் ஏறியிருந்தது. வேண்டாம் என்றோம். 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் இறந்தன. பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். அதிலிருந்த அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு மனிதரின் ஈரலையும் கெடுக்கும். காயவைப்பதாலோ வறுப்பதாலோ அது முழுதும் போகாது. எண்ணெய்க்கோ மாட்டுத் தீவனத்துக்கோ தள்ளிவிடுவதும் தவறு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கெட்ட உணவை விற்பது குற்றம். அதைவிட, நம்பி வருகிறவருக்குச் செய்யும் துரோகம். மூன்று மூட்டையையும் குழி தோண்டிப் புதைத்தோம்.

கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே எப்போதும் மூட்டை அடுக்காதீர்கள். மூட்டைகளைக் கட்டைமேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஆண்டுதோறும் சித்திரையில் ஒருமுறை பள்ளங்களைக் கூட்டிச் சுத்தம் செய்தால் ஐப்பசியில் நிம்மதியாகத் தூங்கலாம்.