கேசட்டிலிருந்து கம்பெனி வரை

கேள்வி: நண்பர்கள் நால்வர் மெட்டல் இசைக்குழு நடத்துகிறோம். சொந்தப் பாடல்கள் ஏழு இருக்கின்றன. ரெக்கார்ட் கம்பெனி ஒப்பந்தம் பெற என்ன வழி? – வாசகர், கோவை

பதில்: கம்பெனியின் கதவைத் தட்டுவதற்கு முன் ரசிகர்களைத் தேடுங்கள். 1982-ல் மெட்டாலிக்கா குழு ஏழு பாட்டு கொண்ட டெமோ கேசட் ஒன்றைப் பதிவு செய்தது. (உங்களிடமும் ஏழு! நல்ல சகுனம்தான்.) ரசிகர்களே அதைப் பிரதி எடுத்துக் கைமாற்றினார்கள். அப்படி நியூ ஜெர்சியில் சந்தைக்குள் ரெக்கார்ட் கடை வைத்திருந்த ஜான் ஸஸூலாவின் காதுக்கு அது போனது. மற்ற கம்பெனிகள் கைவிரிக்கவே, மனைவி மார்ஷாவுடன் மெகாஃபோர்ஸ் என்ற கம்பெனியை அவரே தொடங்கி, 1983-ல் மெட்டாலிக்காவின் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்.

இன்று அந்தக் கேசட்டின் வேலையை யூடியூப் செய்கிறது. டெல்லியின் பிளடிவுட் குழு அங்கேதான் வளர்ந்தது. 2019-ல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழாவில் வாசித்தது. 2022-ல் 'ரக்ஷக்' ஆல்பத்தைத் தானே வெளியிட்டது. அமெரிக்காவின் ஃபியர்லெஸ் ரெக்கார்ட்ஸுடன் கைகோத்தது அதற்குப் பிறகுதான்.

ஆகவே ஏழில் சிறந்த மூன்றை மட்டும் ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். டிரம்ஸ் ஒலிப்பதிவில் கஞ்சத்தனம் கூடாது. மெட்டலின் மானமே அதில்தான் இருக்கிறது. மெட்டல் வெளியிடும் கம்பெனிகளுக்கு மட்டும், கேட்பதற்கான இணைப்போடு சுருக்கமாக எழுதுங்கள்.

ஒப்பந்தம் வந்தால் குதிக்காதீர்கள். ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு, எத்தனை ஆல்பம், எத்தனை வருடம் என்று பாருங்கள். முன்பணம் பெரும்பாலும் உங்கள் ராயல்டியிலேயே கழிக்கப்படும். வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.