முசுக்கட்டை நிலத்திற்கு மக்கிய எரு

பட்டு நெய்யும் நம் அங்கத்தினர்கள் இழை வாங்கும்போது அதன் பளபளப்பையும் வலுவையும் பார்க்கிறார்களேயன்றி, அது எத்தகைய மண்ணில் விளைந்த இலையால் உண்டாயிற்று என்று கேட்பதில்லை. 1 கிலோ கச்சாப் பட்டுக்கு ஏறத்தாழ 6 முதல் 8 கிலோ கூடு வேண்டும். அக்கூடுகளைக் கட்டிய புழுக்கள் தின்றது ஏறத்தாழ 100 கிலோ முசுக்கட்டை இலை. மல்பெரி என நாம் வழங்குவதும் இதுவே.

நெல்லில் மணியை எடுத்துக்கொண்டு தாளையேனும் விட்டுவைக்கிறோம். இப்பயிரிலோ இலையே மகசூல். ஆண்டுக்கு ஐந்து முறை வரை கிளையோடு வெட்டிச் செல்கிறோம். மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையத்தார் தந்த வி-1 இரகம் இறவையில், நன்கு பேணப்பட்டால், ஏக்கருக்கு 24 டன் இலை தரவல்லது. இவ்வளவு கொடுக்கும் நிலத்திற்கு உப்பு உரம் மட்டும் போட்டு வந்தால் மண் இறுகும், ஈரம் நில்லாது. தழைச்சத்து மிகுந்தால் இலை நீர்த்துப் போகும். அதைத் தின்ற புழு எளிதில் நோய்ப்படும். ஆகவேதான் இறவை நிலத்தில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் 8 டன் தொழு உரத்தை இரு தவணையாக, கவாத்து செய்தபின் இட்டு, மண்ணோடு கலந்து உழவேண்டும் என்கிறார்கள்.

முசுக்கட்டை மிகுதியாக விளைவது கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு பக்கங்களில். பென்னலூர்ப் பக்கத்தில் புதிதாகத் தொடங்க எண்ணுவோர், "தொழிற்சாலைகள் சூழ்ந்த இவ்விடத்தில் அவ்வளவு சாணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பது நியாயமே. அதில் ஒரு பகுதி புழு வளர்ப்பு மனையிலேயே கிடைக்கிறது. புழுவின் எச்சமும், தின்று மீந்த இலை காம்புகளும் நல்ல எருப்பொருள்கள்.

ஆனால் அவற்றைப் பச்சையாக வயலில் கொட்டுவது பெருந்தவறு. நோயுற்ற புழுவின் கிருமி அக்குப்பையில் இருக்கும். அது இலைவழியே மீண்டும் மனைக்குள் வரும். நோய்ப்புழுக்களைத் தனியே பொறுக்கிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்துவிட வேண்டும். மற்றதை மனைக்குச் சற்று எட்ட, நீர் தேங்காத மேட்டில் குழி வெட்டி, சாணக் கரைசல் தெளித்து அடுக்கடுக்காக நிரப்பி, மேலே மண் பூசி மூடுக. மக்கும்போது எழும் சூடு கிருமிகள் பலவற்றை அழிக்கும். மூன்று நான்கு மாதம் கழித்துக் கைவிட்டுப் பார்த்தால் சூடும் துர்நாற்றமும் இன்றி, கறுத்து உதிர வேண்டும். இரண்டு குழி இருந்தால் ஒன்று மக்கும்போதே மற்றொன்றை நிரப்பலாம்.

வரிசைகளினிடையே சணப்பு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் குறை ஓரளவு தீரும். ஏரி வண்டலும் பழைய துணையே. எனினும் ஆலைக் கழிவுநீர் கலக்கும் ஏரியின் வண்டலையும், நகரக் குப்பையையும் சோதியாமல் தொடலாகாது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் முதலில் மாதிரி கொடுங்கள்.