முழங்காலிடம் கேட்கவேண்டிய கேள்வி

சிங்கப்பூரின் தேக்காச் சந்தையிலிருந்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக நடந்தால் கொஞ்ச நேரத்தில் ஃபேரர் பார்க் வந்துவிடும். 1933 வரை அங்கே குதிரைகள் ஓடின. பந்தயத் திடல் புக்கிட் தீமாவுக்கு மாறியபின் அந்தப் புல்வெளி காற்பந்துக்காரர்களின் வசமாயிற்று. சற்றுத் தள்ளி, 1929ல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம். பல தலைமுறைகளாகக் காற்பந்தில் ஊறிய இந்த வட்டாரத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை என்பது புதிய செய்தியே அல்ல. சிகிச்சை முடிந்தவரும் அவரைப் பார்க்க வருகிறவர்களும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: “எத்தனை மாதத்தில் திரும்ப ஆடலாம்?” இந்தக் கேள்வியே நம்மைத் தவறான பாதையில் இறக்கிவிடுகிறது என்று நான் கருதுகிறேன். மாதக் கணக்கு ஒரு குறைந்தபட்ச எல்லையை மட்டுமே சொல்லும். திடலில் இறங்கலாமா என்பதை, அந்தக் கால் எதைச் செய்கிறது, எதைச் செய்யத் தடுமாறுகிறது என்று அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். காயப்பட்ட விளையாட்டாளர்களின் அனுபவத்திலிருந்தும் ஆய்வுகளிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய முதல் பாடம் இது. மற்றவை எல்லாம் இதன் கிளைகள்.

முதலில் முழங்காலுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்வோம். ஏசிஎல் என்று விளையாட்டாளர்கள் சொல்லும் தசைநார், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகப் பிணைத்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் எதிராளி மோதி இது அறுவதில்லை. ஓடுகிறவர் சட்டென்று திசை திருப்பும்போதோ, எகிறிக் குதித்துத் தரையிறங்கும்போதோ அறுகிறது. அறுந்த நார் பெரும்பாலும் தானாகப் பழையபடி ஒட்டுவதில்லை என்பதால் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சில்லுக்கு அருகிலிருந்தோ ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துகிறார்கள். பொருத்திய நார் அங்கே உயிரோடு வேரூன்ற வேண்டும். இரத்த ஓட்டம் புதிதாக வர வேண்டும். அதன் இழைகள் புதிய வேலைக்கேற்ப மாற வேண்டும். இதற்கு மாதங்கள் பிடிக்கும். இடைப்பட்ட காலத்தில், குறிப்பாக ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை, அந்த நார் பொருத்தப்பட்ட நாளில் இருந்ததைவிடவும் வலு குறைந்து நிற்கிறது. சிக்கல் என்னவென்றால் வீக்கம் வடிந்து, வலி குறைந்து, ஊன்றுகோலையும் ஒதுக்கிவைப்பது இதே காலத்தில்தான். உடம்பு தேறிவிட்டதாக மனம் சொல்லும் வேளையில் உள்ளே நார் மிக மென்மையாக இருக்கிறது. ஆகவே வலி இல்லை என்பதை வைத்து முழங்கால் தயார் என்று முடிவு கட்டக் கூடாது.

இதற்கு எண்களால் ஆதாரம் தந்தது, நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 106 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016ல் வெளியான ஓர் ஆய்வு. ஒன்பதாம் மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏற்படும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதற்குப் பின் காத்திருந்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆய்வின் இன்னொரு முடிவு இதைவிட முக்கியமானது. தசை வலு, ஒற்றைக் கால் தாவல் போன்ற சோதனைகளில் தேறாமலேயே கடும் விளையாட்டுகளுக்குத் திரும்பியவர்களில் 38.2 விழுக்காட்டினர் மீண்டும் முழங்காலில் அடிபட்டார்கள். தேறிய பிறகு திரும்பியவர்களில் அது 5.6 விழுக்காடுதான். தேறியவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதையும், பொறுமைசாலிகள் இயல்பிலேயே எச்சரிக்கையாக ஆடுபவர்களாக இருக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. இந்த விழுக்காடுகளை வேதவாக்காகக் கொள்ளவும் சொல்லவில்லை. ஆனால் காத்திருப்பு, சோதனை என்ற இரண்டும் ஒரே திசையைக் காட்டும்போது, அதை ஒதுக்கிவிட்டு நண்பர் சொன்ன மாதக் கணக்கை நம்ப எந்த நியாயமும் இல்லை.

“ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் சீக்கிரமே திரும்பிவிடுகிறார்களே?” என்பது அடுத்து வரும் எதிர்வாதம். ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் 2017 ஏப்ரலில் காயமடைந்து, அதே ஆண்டு நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் சட்டையோடு திடலுக்கு வந்தது உண்மைதான். இங்கிலாந்தின் அதே லீக்கில் நடந்த இன்னொரு கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிவர்பூலின் விர்ஜில் வான் டைக் 2020 அக்டோபர் 17ல் எவர்ட்டனுக்கு எதிரான ஆட்டத்தில் காயமடைந்து அந்த மாத இறுதியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மறு ஆண்டு ஜூனில் யூரோ போட்டி. நெதர்லாந்து அணியின் தலைவர் அவர். முயன்றிருந்தால் ஒருவேளை ஆடியிருக்கலாம். போகப்போவதில்லை என்று மே மாதமே அறிவித்துவிட்டு, ஆகஸ்ட் 14ல் நார்விச்சுக்கு எதிராக லீக் ஆட்டத்துக்குத் திரும்பினார். தன் நாட்டின் பெரிய போட்டியை விட்டுக்கொடுத்தவரின் முடிவு, வாரக் கடைசியில் நண்பர்களோடு ஆடும் ஆட்டத்தைக்கூட விட மனமில்லாத நமக்குச் சொல்லும் பாடம் பெரிது.

அமெரிக்கக் காற்பந்தில் குவார்ட்டர்பேக் என்ற ஆட்டக்காரர் உண்டு. ஒவ்வொரு தாக்குதலையும் தொடங்கி நடத்துபவர் அவர். 2012ல் அந்நாட்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரராகத் தேர்வான ராபர்ட் கிரிஃபின், டிசம்பரிலேயே அடிபட்டிருந்த முழங்காலோடு தொடர்ந்து ஆடி, 2013 ஜனவரி 6ல் தசைநார்களை அறுத்துக்கொண்டார். எட்டு மாதத்தில், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே களமிறங்கினார். பழைய ஆட்டம் அவரிடம் திரும்பவே இல்லை. ஜோ பரோ என்ற மற்றொரு குவார்ட்டர்பேக் 2020 நவம்பரில் அடிபட்டு, டிசம்பரில் சிகிச்சை பெற்று, ஒன்பது மாதத்துக்குப் பின் 2021 செப்டம்பரில் திரும்பினார். அந்தப் பருவத்தின் முடிவில் தன் அணியை சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றார். இரண்டு மனிதர்களை வைத்து விதி எழுத முடியாது. கிரிஃபினுக்கு அது அதே முழங்காலில் இரண்டாவது பெரும் காயம். அவருடைய ஆட்டம் ஓட்டத்தை நம்பியது. அணிக்குள்ளும் சிக்கல்கள் இருந்தன. என் வாதத்துக்கு இந்த வேறுபாடுகளே துணை நிற்கின்றன. ஒருவரின் மாதக் கணக்கை எடுத்து இன்னொருவரின் முழங்காலுக்குப் பொருத்த முடியாது. மேலும், முழுநேர ஆட்டக்காரருக்குப் பக்கத்திலேயே பிசியோ என்ற இயன்முறை மருத்துவர் இருக்கிறார். மீள்வதுதான் அவருடைய அன்றாட வேலை. எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் பயிற்சி செய்பவருக்கு அவரைவிட அதிக மாதங்கள் தேவைப்படலாமே தவிர, குறையக் காரணம் இல்லை.

நம் ஊர் உதாரணம் சிங்கப்பூர்க் காற்பந்து அணியின் இக்சான் ஃபாண்டி. 2022 டிசம்பரில், ஆசியான் கிண்ணப் போட்டி தொடங்கவிருந்த வேளையில், மாலத்தீவுக்கு எதிரான நட்புமுறை ஆட்டத்தில் அவருடைய ஏசிஎல் கிழிந்தது. அந்தப் போட்டியே கைநழுவியது. 2025 அக்டோபர் 9ல் காலாங் தேசிய விளையாட்டரங்கில் இந்தியாவுக்கு எதிராக சிங்கப்பூர் அடித்த கோல் அவருடையது. அடுத்த மாதமே நம் அணி முதல்முறையாகத் தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கிண்ணத்துக்கு இடம்பிடித்தது. அறுந்த முழங்காலோடு ஒரு விளையாட்டு வாழ்க்கை முடிந்துபோவதில்லை என்பதற்கு இது போதும். ஆனால் திரும்பி ஆடுவது வேறு, பழைய உயரத்தை மீண்டும் தொடுவது வேறு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் தொகுத்து 2014ல் வெளிவந்த ஆய்வு, சிகிச்சைக்குப் பின் ஏதோவொரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு, பழைய நிலையை எட்டியவர்கள் 65 விழுக்காடு, போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடு என்று சொல்கிறது. இந்த இடைவெளிக்குத் தசை மட்டும் காரணம் இல்லை. மீண்டும் அறுந்துவிடுமோ என்ற பயமும் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று கேலி செய்வது பெரிய தவறு. பயத்தோடு ஆடுபவர் தன்னை அறியாமல் ஒரு காலைக் காக்கிறார். சுமை மற்றக் காலில் ஏறுகிறது. மனம் தயாரா என்பதையும் பிசியோவிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.

சிங்கப்பூர் ஆண்களுக்கே உரிய ஒரு தவறான அளவுகோலும் உண்டு. தேசிய சேவையின் உடலுறுதிச் சோதனையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பழைய நேரத்தில் முடித்துவிட்டால் கால் தேறிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அந்த ஓட்டம் நேர்க்கோட்டு ஓட்டம். உடன் வரும் தண்டால், எழுந்தமரும் பயிற்சி இரண்டும் முழங்காலைத் திருப்பச் சொல்வதில்லை. ஏசிஎல் அறுவதோ வேகத்தில் நிற்கும்போதும் திரும்பும்போதும் தரையிறங்கும்போதும்தான். ஆகவே அந்தச் சோதனையில் தங்க விருதே வாங்கினாலும் ஐவர் காற்பந்துக்குக் கால் தயார் என்று பொருளாகாது. சிகிச்சை பெற்ற காலின் தொடை வலு மற்றக் காலின் வலுவில் குறைந்தது 90 விழுக்காடாவது இருக்கிறதா, ஒற்றைக் காலில் தாவும் தூரம் அதே அளவுக்கு வருகிறதா, படியிலிருந்து ஒற்றைக் காலில் இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்பவையே சரியான கேள்விகள். மற்றக் காலும் மாதக்கணக்கில் சும்மா இருந்து வலு இழந்திருக்கும் என்பதால் இந்த ஒப்பீடு முழுமையானதல்ல என்று வல்லுநர்களே சொல்கிறார்கள். அதனால்தான் ஒரே சோதனையை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலக் கணக்கையும் கைவிடக் கூடாது.

எனக்கு மிகவும் கனமாகத் தோன்றும் எதிர்வாதம் பணமும் நேரமும் பற்றியது. அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் இருக்கிறது, காப்புறுதி இருக்கிறது. வேலை அனுமதி அட்டையில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு முதலாளிகள் எடுத்தாக வேண்டிய மருத்துவக் காப்புறுதி 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவை சிகிச்சைக்குமான ஏற்பாடு அது. கத்தி வைப்பதற்கு வழி இருக்கிறது. அதன் பின் ஒன்பது மாதம் வாராவாரம் செய்யவேண்டிய வேலைக்கு நேரமும் துணையும் தேடுவது பலருக்குப் பெரும் பாடு. சாரத்தில் ஏறி இறங்கும் ஊழியருக்கு இந்தக் கால் விளையாட்டுக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கே தேவை. ஆனால் இந்த வாதம் பயிற்சியைக் கைவிடச் சொல்லவில்லை; சிக்கனமாகத் திட்டமிடச் சொல்கிறது. பலதுறை மருந்தகத்தின் பரிந்துரையோடு போனால் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் கிடைக்கும் சிங்கப்பூரர்கள் அதை விடக் கூடாது. முதல் சில வாரங்களிலும், ஓடத் தொடங்கும் கட்டத்திலும், இறுதிச் சோதனையிலும் பிசியோவின் கண் கட்டாயம் வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் அவர் எழுதிக்கொடுக்கும் பயிற்சிகளை ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக் கூடத்திலும், வீவக புளோக்கின் படிக்கட்டிலும், கீழ்த்தளத்திலும் தவறாமல் செய்யலாம். முதல் இரண்டு வாரத்தில் முழங்காலை முழுமையாக நீட்டப் பழகுவதற்குக் காசே தேவையில்லை. படுக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காமல் இருந்தாலே பாதி உதவி. நீட்ட முடியாமல் இறுகிவிட்ட மூட்டு பின்னால் எல்லாப் பயிற்சிகளையும் கெடுக்கும்.

இன்னொரு கேள்வியையும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை எல்லாருக்கும் தேவையா? சுவீடனில் இளவயதினரும் சுறுசுறுப்பானவர்களுமான 121 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2010ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உடனே அறுவை சிகிச்சை. மற்றதற்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு சிகிச்சை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் இரு பிரிவினரும் சொன்ன முழங்கால் நிலையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாம் பிரிவில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஐந்து ஆண்டுகளிலும் கத்தியே தேவைப்படவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. முழங்கால் அடிக்கடி நழுவுகிறவருக்கும் மூட்டின் மெத்தைச் சவ்வும் சேர்ந்து கிழிந்தவருக்கும் மருத்துவரின் முடிவு வேறாக இருக்கும். ஆனாலும் இந்த ஆய்வு என் வாதத்தின் வேரைத் தொடுகிறது: அறுவை சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் பயிற்சி தவிர்க்க முடியாதது.

ஆகவே இப்போது சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். நாட்காட்டியில் ஒன்பதாம் மாதத்தை வட்டமிடுங்கள். அதற்கு முன் திடலில் இறங்குவதில்லை என்று முடிவெடுங்கள். அந்த நாள் வந்துவிட்டது என்பதற்காகவும் இறங்காதீர்கள். திரும்பிய பிறகும், ஃபிஃபா வகுத்திருக்கும் இருபது நிமிட உடல்சூடேற்றும் பயிற்சியைத் தவறாமல் செய்யுங்கள். மறுமுழங்காலுக்கும் அது காவல். அடுத்த முறை பிசியோவைப் பார்க்கும்போது “எத்தனை மாதம்?” என்பதை விட்டுவிட்டு, “அடிபட்ட காலின் வலு மற்றக் காலின் வலுவில் எத்தனை விழுக்காடு இருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை ஒரு நோட்டில் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் அந்த எண்ணை எவ்வளவு உயர்த்துகிறீர்கள் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.