சிட்டிக்கு யாரும் சொல்லித்தராத பாடம்



‘எந்திரன்’ படத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. 2010-ல் வந்த படம். டிவியில் எத்தனை தடவை போட்டாலும் வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். சண்டையும் பாட்டும் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் படத்துக்குள்ளே உணர்வுகளைப் பற்றி ஒரு நல்ல பாடம் இருக்கிறது. வசனத்தில் பங்கு கொண்ட எழுத்தாளர் சுஜாதா, படம் வெளிவருவதற்கு முன்பே 2008-ல் காலமாகிவிட்டார். அவரும் ஒரு பொறியாளர்தான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். நானும் பொறியியல் மாணவன் என்பதால், இந்தப் பாடத்தை எங்கள் வகுப்பறை பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன்.

அறையில் இருக்கும் ஏர்கோனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று பகுதி உண்டு. அறை எவ்வளவு சூடு என்று சென்சார் சொல்கிறது. அதைக் கேட்டு, என்ன செய்யலாம் என்று கன்ட்ரோலர் முடிவெடுக்கிறது. அதன் பிறகுதான் கம்ப்ரெசர் ஓடுகிறது. சென்சார் செய்தி சொல்லும், முடிவு எடுக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு சிட்டியைப் பார்ப்போம்.

1. உணர்வு இல்லாத சிட்டி

தீ விபத்துக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? எரியும் கட்டடத்துக்குள் புகுந்து சிட்டி பலரைக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வருகிறான். சுற்றிலும் கூட்டம், கேமரா. அவமானம் தாங்காமல் அந்தப் பெண் ஓடுகிறாள், லாரியில் அடிபட்டு இறந்துபோகிறாள். சிட்டியின் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை: உயிர் ஆபத்தில் இருந்தது, காப்பாற்றினான். ஆனால் நாணம் என்று ஒன்று இருப்பதை அவனுடைய சென்சார்கள் எதுவும் அவனுக்குச் சொல்லவில்லை. நம் வள்ளுவர் அதற்கென்று ‘நாணுடைமை’ என்று ஒரு முழு அதிகாரமே வைத்திருக்கிறார்.

“உணர்ச்சிவசப்படாதே, மூளையை மட்டும் நம்பு” என்று நமக்கு அடிக்கடி சொல்கிறார்கள். முழுக்கச் சரியா? அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் அறிஞர், எலியட் என்று தான் பெயர் வைத்த ஒரு நோயாளியைப் பற்றி 1994-ல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மூளையின் முன்பகுதியில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகும் அறிவுத் தேர்வுகளில் எலியட் நன்றாகவே செய்தார். ஆனால் உணர்வு மங்கிவிட்டது. அதோடு முடிவெடுக்கும் திறமையும் போய்விட்டது. சின்ன விஷயத்துக்கே மணிக்கணக்கில் யோசிப்பார். வேலை போயிற்று, பணம் போயிற்று, குடும்பமும் கலைந்தது. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று உள்ளே இருந்து சொல்ல அவருக்கு எதுவும் இல்லை.

ஆகவே முதல் பாடம்: உணர்வு நம் எதிரி இல்லை. சென்சாரைப் பிடுங்கிப் போட்டால் ஏர்கோன் ஒழுங்காக ஓடாது.

2. உணர்வு வந்த சிட்டி

பிறகு சிட்டிக்கு வசீகரன் உணர்வுகளைக் கற்றுக்கொடுக்கிறார். ஒரு பிரசவத்தில் தாயையும் குழந்தையையும் சிட்டி காப்பாற்றுகிறான். எவ்வளவு அழகான மாற்றம்! ஆனால் அங்கேயிருந்துதான் சனா மீது காதலும் தொடங்குகிறது. அவள் மறுத்த பிறகும் அவனால் விட முடியவில்லை. சிவப்பு சிப் வைத்ததும் எல்லாம் கைமீறிப் போகிறது.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 62, 63-ஆம் சுலோகங்களில் கண்ணன் ஒரு சங்கிலியைக் காட்டுகிறார். ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று வரும். பற்றிலிருந்து ஆசை. ஆசையிலிருந்து கோபம். கோபத்திலிருந்து மயக்கம். மயக்கத்தில் நினைவு தடுமாறும், புத்தி அழியும், ஆளும் அழிவான். சிட்டியின் கதையை அந்தச் சங்கிலியோடு வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு கண்ணியும் பொருந்தும்.

பொறியியல் பாஷையில் சொன்னால், சிட்டிக்குச் சென்சார் கிடைத்தது, ஆனால் அதன் ஒயரை நேராக மோட்டாரில் இணைத்துவிட்டார்கள். நடுவே கன்ட்ரோலர் இல்லை. கட உபநிடதம் இதையே தேர் என்று சொல்கிறது: புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி தேரோட்டி. குதிரை இல்லாமல் தேர் நகராது. தேரோட்டி இல்லாவிட்டால் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

3. படைத்தவனும் அதே தப்பு

இதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ராணுவத் தேர்வில் சிட்டி சொதப்பியதும் வசீகரன் என்ன செய்கிறார்? கோபத்தில் அவனைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறார். துண்டுகள் குப்பை மேட்டுக்குப் போகின்றன. அங்கே போரா கையில் சிக்கித்தான் சிட்டி வில்லனாகத் திரும்பி வருகிறான். அன்றைக்கு வசீகரன் ஒரு ராத்திரி பொறுத்திருந்தால்? மறுநாள் காலையில் லேபில் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருந்தால்? பாதிப் படமே நடந்திருக்காது.

இயந்திரத்துக்குக் கன்ட்ரோலர் இல்லை, சரி. மனிதனுக்கு இருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. பத்து வருட உழைப்பும், அத்தனை படிப்பும், அந்த ஐந்து நிமிடக் கோபத்தின் முன்னால் நிற்கவில்லை. நல்லாப் படிச்சவங்களுக்குக் கோபம் தானா அடங்கிடும்னு நினைக்கிறது தப்பு.

நம் கதைக்கு வருவோம்

எஸ்பிஎம் ரிசல்ட் வரும் நாள். கூடப் படித்தவனுக்கு மெட்ரிகுலேஷன் கிடைக்கிறது, நமக்கு இல்லை. உறவுக்காரர் ஒருவர் நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிடுகிறார். “படிப்பே வேணாம், நான் சிங்கப்பூருக்கே வேலைக்குப் போறேன்” என்று அன்று இரவே முடிவு. ஜொகூரில் இருக்கும் நமக்கு இது கேட்ட கதைதானே! பாலம் தாண்டினால் வெள்ளி மதிப்பு அதிகம்.

சிங்கப்பூர் வேலை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில்தான் நிமிர்ந்திருக்கின்றன. வீட்டு நிலைமையை யோசித்து, அப்பா அம்மாவோடு பேசி எடுக்கும் முடிவு வேறு. அவமானத்தில் எடுக்கும் முடிவு வேறு. வேலை ஒன்றுதான், ஆனால் இரண்டாவது முடிவை எடுத்தது நாம் இல்லை, அந்த உறவுக்காரரின் ஒரு வாக்கியம்.

காதல் முறிந்த அன்றைக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி, கோபத்தில் எழுதும் வேலை ராஜினாமா, அண்ணனோடு சண்டை போட்டு வீட்டை விட்டுக் கிளம்புவது, எல்லாம் இதே வகைதான்.

2015-ல் வந்த ‘இன்று நேற்று நாளை’ படத்தில் நண்பர்கள் இரண்டு பேர் கையில் கால இயந்திரம் கிடைக்கிறது. கடந்த காலத்தில் அவர்கள் கை வைத்ததால், சாக வேண்டிய ஒரு ரவுடி பிழைத்துக்கொள்கிறான், அவனால் பெரிய ஆபத்து வருகிறது. இயந்திரம் கையில் இருந்தும் நேற்றைச் சரிசெய்ய அவர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். நமக்கோ அந்த இயந்திரமும் இல்லை. இருப்பது செயலுக்கு முன்னால் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? முதலில் உணர்வுக்குப் பெயர் வையுங்கள்: இது கோபமா, பயமா, பொறாமையா, அவமானமா? சென்சார் என்ன சொல்கிறது என்று படித்துப் பார்ப்பது இது. பிறகு வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ அதிகாரத்தைத் தொடங்கும் மூன்று கணக்கைப் போடுங்கள்: இதனால் எதை இழப்பேன்? எது கிடைக்கும்? அது பிற்பாடு எங்கே கொண்டுபோய் விடும்? பெரிய முடிவென்றால் ஓர் இரவு தூங்கி எழுந்து போடுங்கள். மனம் ரொம்பப் பாரமாக இருந்தால் தனியாகப் போடாதீர்கள், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அக்காவோ, ஆசிரியரோ, நம் இயக்கத்து அண்ணனோ, யாராக இருந்தாலும் சரி.

வகுப்பில் பேச

1. தீ விபத்தில் சிட்டியின் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எந்த உணர்வு உங்களுக்கு வழி சொல்லியிருக்கும்?

2. கீதை சொல்லும் சங்கிலியில் எந்தக் கண்ணியில் அறுப்பது சுலபம்? ஏன்?

3. இந்த வருடம் நீங்கள் எடுக்க வேண்டிய ஒரு பெரிய முடிவை எழுதுங்கள். அதன் பக்கத்தில் அதைப் பற்றிய உங்கள் உணர்வையும், வள்ளுவரின் மூன்று கணக்கையும் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து எடுத்துப் படித்துவிட்டு, அப்புறம் முடிவு பண்ணுங்க.