பெறுபேறு வந்த பின்: படிவத்தை நிரப்புவது யார்?

உயர்தரப் பெறுபேறு வெளியான வாரத்தில், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பிக்கு எத்தனை ஏ?" பெற்றோரே, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது அந்த எழுத்துக்கள் அல்ல. 2001ஆம் ஆண்டு தொடக்கம் கணிக்கப்பட்டு வரும் இசட் புள்ளியே அதைத் தீர்மானிக்கின்றது.

ஒரு பாடத்தில் உங்கள் பிள்ளை பெற்ற புள்ளியிலிருந்து, அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரினதும் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி கிடைக்கும். பௌதிகவியலில் 62 புள்ளி, சராசரி 42, நியம விலகல் 16 என்று வைத்துக்கொள்வோம். இசட் புள்ளி 1.25. உயிரியலில் 70 புள்ளி, சராசரி 58, நியம விலகல் 12 என்றால் 1.00 மாத்திரமே. கூடிய புள்ளி எடுத்த பாடத்தைவிடக் குறைந்த புள்ளி எடுத்த பாடமே பிள்ளையை உயர்த்தியிருக்கின்றது! மூன்று பாடங்களின் சராசரியே இறுதிக் கணக்கு. எனவே, "பௌதிகம் கஷ்டம், எஸ் எடுத்தால் போதும்" என்று உயிரியலோடு மட்டும் மாரடிக்கும் பிள்ளையை இப்போதே மறியுங்கள். பொதுச் சாதாரணப் பரீட்சையையும் அலட்சியம் செய்ய விடாதீர்கள். அதில் 30 புள்ளியாவது வேண்டும்.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு உரியவை. 55 வீதம் மாவட்டங்களுக்குப் பகிரப்படும். எஞ்சிய 5 வீதம் மன்னார், முல்லைத்தீவு போன்ற, கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக வழங்கப்படும். எழுபதுகளின் தரப்படுத்தலை மறவாத பாட்டனார்மார் இதுபற்றி இன்னமும் வாதிடுவர். வாதத்தில் நியாயம் இருக்கலாம். படிவம் நிரப்ப அது உதவாது.

பல வீடுகளில் தவறு நேர்வது அந்தப் படிவத்திலேதான். மருத்துவத்தை முதலில் எழுதிக் கிடையாமற் போனால் மற்றவையும் பறிபோகும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அப்படியல்ல. பிள்ளையின் விருப்ப வரிசையை மேலிருந்து பார்த்து, புள்ளி எட்டும் முதலாவது கற்கைநெறிக்கே தெரிவு செய்கின்றார்கள். ஆசைப்பட்டதை மேலே எழுதுவதால் நட்டமில்லை. நட்டம் வருவது வேறு விதமாக. விவசாயம் படிக்க ஆசைப்படும் மகளின் படிவத்தில், ஊரார் மெச்சும் வேறொன்றைத் தகப்பனார் மேலே எழுதிவிடுகிறார். வெட்டுப்புள்ளி பொருந்தினால் அதுவே அவளுக்குக் கிடைக்கும். கீழே எழுதிய விவசாயத்தை எவரும் பார்க்கப்போவதில்லை.

மூன்று முறை தோற்றலாம் என்பதற்காக, மருத்துவம் ஒன்றையே குறிவைத்து இரண்டு வருடங்களை ரியூட்டரியில் கழிக்கச் சொல்லுமுன், மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைத் திறந்து பாருங்கள். உயிரியல் பிரிவுப் பிள்ளைக்கு யாழ்ப்பாணத்திலே சித்த மருத்துவம் உண்டு. பேராதனையிலே மிருக வைத்தியம் உண்டு. தாதியியல், மருந்தகவியல் எனப் பலவும் உண்டு. விண்ணப்பத்தை அனுப்புமுன், பிள்ளை தன் வரிசையை ஒரு தாளில் பென்சிலால் எழுதட்டும். அதை வாசித்துவிட்டு, ஏன் இது முதலாவது என்று கேளுங்கள். அழிறப்பரை மட்டும் நீங்கள் கையில் எடுக்க வேண்டாம்.