வாந்தி பயமும் டிரிப் ஆகும் ரிலேயும்

எலக்ட்ரிகல் லேபில் ரிலே பார்த்திருப்பீர்கள். கரண்ட் அளவு மீறினால் லைனைத் துண்டித்துக் காப்பாற்றுவது அதன் வேலை. செட்டிங் மிகக் குறைவாக இருந்தால் சாதாரண லோடுக்கே டிரிப் ஆகிவிடும். "வாந்தி வந்துவிடுமோ" என்ற ஓயாத பயமும் இப்படித்தான். மருத்துவத்தில் இதற்கு எமெட்டோஃபோபியா என்று பெயர்.

பயம் வளரும் விதம்

வாந்தி என்பது கெட்டதை வெளியே தள்ள உடல் வைத்திருக்கும் பாதுகாப்பு ஏற்பாடு. பஸ்ஸில் குமட்டுவதற்கும் காரணம் உண்டு. உள்காது "அசைகிறோம்" என்கிறது. முன் சீட்டைப் பார்க்கும் கண் "அசையவில்லை" என்கிறது. இந்த முரண்பாட்டால் வயிறு புரட்டுகிறது. பயந்தாலோ அட்ரினலின் சுரந்து இரைப்பையின் வேலை மந்தமாகும், வயிறு பிசையும். அதையே வாந்தியின் அறிகுறி என்று நினைத்து இன்னும் பயப்படுகிறோம். பயமே பயத்துக்குத் தீனி!

தறி ஓட்டும் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். கல்லூரிக்குத் தினமும் ஒரு மணி நேரப் பஸ் பயணம். "ஏங்கண்ணு, ரெண்டு வாய் உண்டுபோட்டுப் போ" என்று அம்மா கெஞ்சினாலும் வெறும் வயிற்றோடுதான் கிளம்புவேன். பையில் எலுமிச்சம்பழம், பிளாஸ்டிக் கவர். ஜன்னலோர சீட் இல்லையென்றால் அடுத்த பஸ். அட்டெண்டன்ஸ் குறைந்து படிப்பே நின்றுவிடும் நிலை வந்தது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிகிச்சை முறை

இதன் பெயர் காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்து மாற்றுவது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவன் சாப்பிடும்போது, கூண்டிலிருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். 1960-களில் ஆரன் பெக், எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் முறையை வகுத்தார்.

1. கணிப்பை எழுதுதல்: "இன்று வாந்தி வரும், 100-க்கு 80" என்று எழுதிவிட்டு பஸ் ஏற வேண்டும். இறங்கியதும் நடந்ததை எழுத வேண்டும். 12 நாள் எழுதினேன். ஒரு நாளும் வரவில்லை.

2. ஏணி: முதலில் "வாந்தி" என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுதல், பிறகு படம் பார்த்தல், பிறகு நடு சீட்டில் இரண்டு ஸ்டாப், பிறகு சாப்பிட்டுவிட்டு முழுப் பயணம். ஒரு படியில் பயம் தணிந்த பிறகே அடுத்த படி.

3. துணைகளை விடுதல்: எலுமிச்சம்பழம் கையில் இருக்கும்வரை "அதனால்தான் தப்பித்தேன்" என்றே மனம் சொல்லும்.

என் ஏணியின் கடைசிப் படி ஆழியாறு–வால்பாறை ரோடு. 40 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் நிஜமாகவே வாந்தி வந்துவிட்டது! பக்கத்து சீட் பாட்டி தண்ணீர் கொடுத்தார். வாய் கொப்பளித்தேன். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். என்னை அதிகம் குணப்படுத்தியது வாந்தி வராத 12 நாட்கள் அல்ல, வந்த அந்த ஒரு நாள்தான். "வரவே வராது" என்ற உறுதியைத் தேடும்வரை பயம் போகாது. "வந்தால் வரட்டும், தாங்கிக்கொள்வேன்" என்பதுதான் மருந்து. ரிலேயைக் கழற்ற வேண்டாம்; செட்டிங்கை மாற்றினால் போதும்.

அடிக்கடி வாந்தியோ எடைக் குறைவோ இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பயம் மட்டும்தான் என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி இது, தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயம் நீங்கட்டும்! பயணம் தொடரட்டும்!