மழையில் மலையிறங்கும் சைக்கிள்

சைக்கிளில் மலை ஏறுவது கடினமா, இறங்குவது கடினமா? ஏறுவதுதான் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், கல்லூரியில் படித்த காலத்தில் ஓர் ஐப்பசி மாதம் ஏலகிரிக்குப் போகும் வரையில்.

கூடுவாஞ்சேரியிலிருந்து நண்பர்கள் நால்வர் கிளம்பினோம். சைக்கிள்களை ரயிலில் ஏற்றிச் சென்று ஜோலார்பேட்டையில் இறங்கினோம். எல்லாம் சாதாரணக் கறுப்பு சைக்கிள்கள். கம்பி பிரேக், முலாம் பூசிய இரும்பு ரிம். எங்கள் ஊர்ப் பக்கம் சமதளம். ஜி.எஸ்.டி. சாலையில் எத்தனையோ மழையில் ஓட்டியிருக்கிறோம், இது என்ன பிரமாதம் என்ற நினைப்பு. ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். ஏறும்போது பாதி வழி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனோம்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வளைவு நெருங்கியதும் எனக்கு முன்னால் சென்ற நண்பன் இரண்டு பிரேக்கையும் இறுகப் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. வேகம் கூடியது! வேறு வழியின்றி மலைப்பக்க மண்மேட்டில் வண்டியோடு சாய்ந்தான். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. சாலையின் மறுபக்கம் பள்ளம்.

பிரேக் பிடித்தும் வேகம் எப்படிக் கூடும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மலையடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வேறுபாடு சுமார் 600 மீட்டர் என்று கொள்வோம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. உச்சியில் நிற்கும்போது நிலையாற்றல் 80 × 10 × 600, அதாவது 4,80,000 ஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். கீழே வந்து நிற்பதற்குள் இவ்வளவு ஆற்றலும் எங்காவது போய்த் தீரவேண்டும். மெதுவாக இறங்குபவனுக்கு இதில் பெரும்பகுதி பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே வெப்பமாக மாறுகிறது.

இனி நிற்கும் தூரம். சாலை 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்குவதாகக் கொள்ளுங்கள். அந்தச் சரிவு மட்டுமே வண்டிக்கு 0.6 மீ/வி² முடுக்கம் தரும். உலர்ந்த பிரேக் 3 மீ/வி² எதிர்முடுக்கம் தரும் என்றால் மிஞ்சுவது 2.4. மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்பவன், v²/2a என்ற சூத்திரப்படி, சுமார் 5 மீட்டரில் நின்றுவிடுவான். மழையில் பிரேக்கின் பிடி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் 1 கழித்தல் 0.6, மிச்சம் 0.4 மட்டுமே. நிற்கும் தூரம் 31 மீட்டர்! பிடி மூன்றில் ஒன்றானது. தூரமோ ஆறு மடங்கு. சரிவு தன் பங்கில் ஒரு சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதுதான் காரணம். பிடி பத்தில் ஒன்றாகிவிட்டால்? பிரேக் தருவது 0.3, சரிவு தருவது 0.6. அந்த வண்டி நிற்கவே நிற்காது. எங்கள் நண்பனுக்கு நேர்ந்தது இதுவே.

பத்தில் ஒன்று என்பது மிகைப்படுத்தல் அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1970-களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். முலாம் பூசிய இரும்பு ரிம்மில் நீர் பட்டால், சாதாரண ரப்பர் கட்டையின் உராய்வு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுவதைக் கண்டார்கள். வழுவழுப்பான ரிம்மில் மெல்லிய நீர்ப்படலம் எண்ணெய்போல் நிற்கிறது. தார்ச்சாலையோ கொத்திய அம்மிபோலச் சொரசொரப்பானது. அதன் மேடுகள் படலத்தைக் கிழித்து டயரைத் தொடுவதால் அங்கே பிடி அவ்வளவு குறைவதில்லை. மழையில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் டயர் அல்ல, பிரேக்தான்.

குளிரும் இதற்குத் துணைபோகிறது. 600 மீட்டர் உயரத்துக்கு வெப்பநிலை ஏறத்தாழ 4 டிகிரி குறையும். நனைந்த உடையிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். அதில் நம் உடலின் பங்கும் உண்டு. விரல் மரத்துப்போனால் பிரேக்கை அழுத்தும் விசை எங்கிருந்து வரும்?

நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும்? உச்சியிலிருந்தே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி வந்திருக்க வேண்டும். கட்டை ரிம்மைத் துடைத்துக்கொண்டே இருக்கும், வேகமும் ஏறாது. வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைத் தணித்திருக்க வேண்டும். வளைவில் திரும்பவும் டயரின் பிடி வேண்டும், வேகம் குறைக்கவும் அதே பிடி வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் ஈரச்சாலையில் டயர் வழுக்கிவிடும். இவையெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. மீதி வளைவுகளை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடந்தோம். அதுவும் சரியான முடிவுதான்.

இன்று பல சைக்கிள்களில் டிஸ்க் பிரேக் இருக்கிறது. அந்தத் தட்டு சக்கரத்தின் நடுவே, சாலைநீரிலிருந்து விலகி இருக்கிறது. அது சிறியதாகையால் கட்டைகள் மிகப் பலமாக அழுத்தவேண்டும். அந்த அழுத்தத்தில் நீர் பிதுங்கி வெளியேறிவிடும்.

உங்கள் வீட்டில் ரிம் பிரேக் சைக்கிள் இருந்தால் அதைத் தலைகீழாக நிறுத்துங்கள். கையால் பெடலைச் சுற்றிப் பின்சக்கரத்தை வேகமாக ஓடவிட்டுப் பெடலை விட்டுவிடுங்கள். சக்கரத்திலும் செயினிலும் விரல் படாமல், பின்பிரேக்கை லேசாக அழுத்துங்கள். நிற்பதற்குள் எத்தனை சுற்று? இப்போது ரிம் முழுவதும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதே வேகத்தில், அதே அழுத்தத்தில் மறுபடி எண்ணுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.